காங்கேயத்தில் கடல் விரால் வளர்க்கலாமா?

கேள்வி, மார்ச் 2

வணக்கம்ங்க. காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் மேட்டாங்காடு. போர் தண்ணி உப்பு, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு) லிட்டருக்கு 4,000 மில்லிகிராம். மஞ்சளும் வர்றதில்லை, சின்ன வெங்காயமும் வர்றதில்லை. ஒரு கம்பெனிக்காரங்க வந்து "உப்புத் தண்ணிதானே, கடல் மீனே வளர்த்துடலாம், கடல் விரால், பாம்பனோ ரெண்டும் நல்ல விலை, குஞ்சு நாங்க தர்றோம், தீவனம் நாங்க தர்றோம், மீனையும் நாங்களே எடுத்துக்கறோம், மூணு நாள் பயிற்சி, சர்டிபிகேட் உண்டு"ன்னு சொல்றாங்க. 50,000 லிட்டர் தொட்டி ரெண்டு போடணுமாம். விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில், மார்ச் 2, இரவு

குஞ்சும் நாங்களே, தீவனமும் நாங்களே, வாங்கிக்கொள்வதும் நாங்களே. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே வாயில் கேட்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு 2012இல் பெருந்துறையில் நடந்த ஈமு கோழி மோசடி ஞாபகம் வர வேண்டும். ஈமுவுக்குக் கொட்டகை போட்டவர்கள் சிலர் அதே கொட்டகையில் இன்றைக்கு ஆடு கட்டியிருக்கிறார்கள்.

சரி, கம்பெனியை விடுங்கள், தண்ணீரைப் பார்ப்போம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. உங்கள் போரில் 4 கிராம். மஞ்சளுக்கு அது விஷம், கடல் விராலுக்கு அது நல்ல தண்ணீர் மாதிரிதான். 50,000 லிட்டரைக் கடல் அளவுக்கு ஏற்ற, லிட்டருக்கு இன்னும் 31 கிராம் வீதம் 1,550 கிலோ உப்பு வேண்டும். இரண்டு தொட்டிக்கு மூன்று டன்னுக்கு மேல். அது முதல் நாள் செலவு, அதைக்கூட விட்டுவிடலாம். வெளியே விடுகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களா? எவ்வளவு நல்ல சுழற்சி வடிகட்டி வைத்தாலும் கழிவை எடுக்கிற சாக்கில் தினம் கொஞ்சம் தண்ணீர் வெளியே போகும். 2 சதவீதம் என்றே வையுங்கள். தொட்டிக்கு 1,000 லிட்டர், அதில் 35 கிலோ உப்பு. இரண்டு தொட்டிக்கு 70 கிலோ. வருசத்துக்கு 25 டன்.

25 டன் உப்பை நாலு ஏக்கரில் எங்கே வைப்பீர்கள்?

மார்ச் 3

காலையில் ஒருவர் "பாம்பனோவுக்கு அவ்வளவு உப்பு வேண்டாம், 10 கிராமில்கூட வளரும், பயமுறுத்தாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். வளரும், நானே பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தாலும் அதே கணக்கில் தினம் 20 கிலோ, வருசத்துக்கு ஏழு டன்னுக்கு மேல் வெளியே வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். 1992இல் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டியது பாசனத்துக்கு. தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். அணைக்குக் கீழே நல்லா விளைந்துகொண்டிருந்த பூமி என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பது ஓரளவுக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் சுத்திகரிப்பு நிலையங்களில் காய்ச்சி எடுத்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்துகொண்டுதான் இருந்தது. கோடி கோடியாய் முதல் போட்டவர்களுக்கே உப்பை எங்கே கொட்டுவது என்று வழி தெரியவில்லை. நாமே ஒரு தொட்டி கட்டி, உப்பு வாங்கிக் கலக்கி, மறுபடியும் நம் காட்டுக்குள்ளேயே ஊற்றுவதா?

நொய்யல் ஆட்கள் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, சாயங்காலம்

"தூத்துக்குடி கல் உப்பு மலிவுதானே" என்று கேட்டவருக்கு: அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4 கிராம். இந்த மூன்றும் கணக்கில் இல்லாவிட்டால் உப்புமானி 35 என்று காட்டும், மீன் செத்து மிதக்கும்.

மார்ச் 5

நான் யார், இதில் எனக்கு என்ன வேலை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கோயமுத்தூரில் ப்ளோயர் செய்கிற பட்டறை. சாயப்பட்டறை சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்று ஊதிய அதே மிஷின்தான் இறால் பண்ணைக்கும் மீன் குஞ்சு பொரிப்பகத்துக்கும் போகிறது. மாட்டிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் கடலோரம் போய்ப் போய், மீனை ப்ளோயர் ரூம் ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டவன் நான். விஞ்ஞானி கிடையாது.

முதன்முதலில் ஒரு பொரிப்பகத்தில் மிஷினை ஓடவிட்டு, தொட்டியில் தண்ணீர் தளதளவென்று பொங்குவதைப் பார்த்து எனக்குச் சந்தோசம், கொடுத்த காசுக்குக் காற்று வருகிறது என்று. அங்கே வேலை செய்த அம்மா ஓடிவந்து வால்வைத் திருகிக்கொண்டே போனார். தண்ணீர் ஏறக்குறைய அசையாமல், ஏர் ஸ்டோனிலிருந்து குமிழி ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி வந்த பிறகுதான் நிறுத்தினார். பொரித்து மூன்று நாள் ஆன குஞ்சு, கண்ணும் வாயும் இருக்கிற நூல் துண்டு. பொங்குகிற தண்ணீரில் சுழன்றே செத்துவிடும். அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேல் தண்ணீரைக் காட்டினார். எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டுமாம். பல கடல் மீன் வகைகளில் குஞ்சு முதல் சில நாட்களில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால்தான், அது மிதக்க உதவுகிற காற்றுப்பை விரியும். மெல்லிசாக எண்ணெய் படர்ந்தாலும் குஞ்சு அதைத் துளைத்துக்கொண்டு வர முடியாது. காற்றுப்பை விரியாத குஞ்சு சீக்கிரமே செத்துப்போகும், தப்பிப் பிழைத்தாலும் முதுகு வளைந்து வளரும். அதனால்தான் எண்ணெய் கலந்த காற்று தருகிற கம்ப்ரசரை அங்கே வாசலுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

இவ்வளவையும் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு ஸ்லைடில் போட்டுவிடலாம். அந்த அம்மா வால்வை எவ்வளவு திருகினார் என்பது ஸ்லைடில் வராது.

மார்ச் 5, தொடர்ச்சி

கடல் மீன் வளர்ப்பே நம் நாட்டில் நேற்றுப் பிறந்த விசயம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் ஆரம்பித்தது, ஆரம்ப வருசங்களில் தலைமையிடமே நம் மண்டபம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. அவர்கள் திறந்த கடலில் மிதவைக் கூண்டு போட்டுப் பார்த்தது 2007இல், விசாகப்பட்டினத்தில். கடல் விராலை மண்டபத்தில் வைத்து முட்டையிட வைத்தது 2010இல். பாம்பனோ அடுத்த வருசம், 2011. அதற்கு முன்னால் இந்த மீன்களுக்குக் குஞ்சு வேண்டுமென்றால் கடலில் பிடித்தால்தான் உண்டு. கடலில் பிடித்த குஞ்சைக் கூண்டில் போட்டு வளர்த்தால் கடலுக்கு என்ன லாபம்? பொரிப்பகம் வந்த பிறகுதான் "நிலையான வளர்ப்பு" என்று பேசவே ஒரு யோக்கியதை கிடைத்தது.

தாய் மீனைக் கடலிலேயே பெரிய கூண்டில் வைத்திருப்பார்கள். பருவம் பார்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, ஹார்மோன் ஊசி போட்டு, தொட்டியில் விட்டால் முட்டை மிதக்கும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அப்புறம் ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய உயிர்த்தீனி, அப்புறம் ஆர்ட்டிமியா என்கிற குட்டி இறால் மாதிரி உயிர், அப்புறம்தான் தூள் தீவனம். ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பச்சைப் பாசி தனியாக வளர்க்க வேண்டும். ஒரு குஞ்சுக்காக மூன்று பண்ணையம். இதைக் காங்கேயத்தில் தருகிறேன் என்று சொல்கிற கம்பெனி எந்தப் பொரிப்பகத்தில் குஞ்சு எடுக்கிறது என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மார்ச் 6

கேள்வி: கடல் விரால் சாப்பிட எப்படி இருக்கும்? ஆரம்பித்த விசயத்தை விட்டுவிட்டு நம் ஆட்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று தெரியும்.

முள் குறைவு, சதை வெள்ளை, கெட்டி. முள்ளுக்குப் பயந்துகொண்டு கோழிக்கறியே போதும் என்கிற ஊர்களுக்கு ஏற்ற மீன்தான். பொடிப்பொடியாய் நறுக்கி, வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் மாதிரி வறுத்துப் பார்த்தாயிற்று. சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. உக்கடம் மார்க்கெட்டில் எப்போதாவது பெரிய மீனாக வரும், கேட்டு வாங்க வேண்டும். மத்தியும் அயிலையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இறங்குகிற இடத்தில் இதை யாரும் தேடுவதில்லை.

மார்ச் 8

"எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்றால் எதைத்தான் செய்வது" என்று காங்கேயம் தம்பி கேட்பது நியாயம். கொடுவா.

கொடுவா கடலில் முட்டையிடும், ஆனால் உப்பங்கழி, ஆறு என்று ஏறி வந்து நல்ல தண்ணீரிலும் வளரும். உங்கள் 4 கிராம் தண்ணீர் அதற்குத் தாராளம், ஒரு பிடி உப்புகூடக் கலக்க வேண்டாம். சென்னையில் இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997லேயே முட்டுக்காட்டில் இதைப் பொரித்துவிட்டது. சீர்காழிப் பக்கம் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகத்திலும் குஞ்சு எடுக்கிறார்கள். அதாவது கடலில் நடக்க வேண்டியது கடலோரத்திலேயே நடக்கிறது, வளர்ப்பு மட்டும் நம்மிடம். உப்பும் அங்கேயே இருந்துகொள்ளும்.

இதிலும் ஒரு சங்கடம். கொடுவாக் குஞ்சு ஒன்றையொன்று தின்னும். ஒரு தொட்டியில் ஒரே நாளில் பொரித்ததுதான், பத்து நாள் போனால் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெருசு. தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற குஞ்சைக்கூட அது விழுங்கப் பார்க்கும். முழுசாக உள்ளே போகாது. வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருக்க அப்படியே நீந்திக்கொண்டிருக்கும், கடைசியில் சில சமயம் இரண்டுமே செத்துப்போகும். அதனால் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை சல்லடை போட்டுப் பெருசு சிறுசு பிரித்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் ஒரே அளவுக்கு ஓட்டை போட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து மெதுவாக ஆட்டுவார்கள், சின்னது கீழே இறங்கிவிடும், பெருசு மேலே நிற்கும். கையில் அள்ளினால் செதில் போகும், செதில் போனால் மறுநாள் சீக்கு. ஒரு தடவை தள்ளிப்போட்டால் மீனை எண்ணவே வேண்டாம், பாதிதான் இருக்கும்.

கல்யாணம், காதுகுத்து, சீர் என்று நாள் முழுக்கத் தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் இப்படிப் பொடிக்குஞ்சு வளர்க்கிற நாற்றங்கால் வேலையை எடுக்காதீர்கள். விரல் நீளம் தாண்டிய விரலியாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை கூடத்தான்.

மார்ச் 8, இரவு

சேர்த்துச் சொல்ல விட்டது. காங்கேயம் செம்மண் சரளை தண்ணீரைப் பிடிக்காது, குட்டைக்கு ஷீட் விரிக்காமல் முடியாது. குளத்தில் ஏற்கெனவே ஜிலேபி மீன் (திலாப்பியா) பெருகிக் கிடந்தால் கொடுவாவுக்கு அதன் குஞ்சே தீனி, அப்படியும் வளர்ப்பார்கள். கட்லா ரோகு குஞ்சு விட்ட குளத்தில் மட்டும் கொடுவாவை விடாதீர்கள், கட்லாவுக்குக் கொடுத்த காசு கொடுவா வயிற்றுக்குள் போய்விடும்.

மார்ச் 9

ஹரியானாவில் உப்பு நிலத்தில் இறால் வளர்க்கிறார்களே, நாம் ஏன் கூடாது? நல்ல கேள்வி. ரோத்தக் பக்கம் நிலத்தடித் தண்ணீரே உப்பு, ஏற்கெனவே பயிர் போன பூமி. மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் அங்கே லாஹ்லியில் ஆராய்ச்சி மையம் வைத்து, அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் குறைவு என்று கண்டுபிடித்து, பொட்டாஷ் போட்டு ஈடுகட்டி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணில் இருக்கிற உப்பை வைத்துச் செய்கிற வேலை அது. மூட்டையில் வாங்கிக் கொட்டுகிற வேலை வேறு.

இதில் நம்மாட்கள் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. டிடிஎஸ் ஒரு எண்தான், எந்த உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. முழுப் பரிசோதனை செய்து, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், காரத்தன்மை நாலையும் எழுதி வாங்குங்கள். நான் ப்ளோயர் மாட்டிய இடங்களில் இந்தச் சீட்டு கையில் இருந்தவர்கள் மிகக் குறைவு.

மார்ச் 12

தீவனம் பற்றி யாருமே கேட்கவில்லை. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுதான்.

கடல் விரால், கொடுவா இரண்டும் மாமிசம் தின்கிற மீன். தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், அதில் பெரும்பங்கு மீன் தூள். மீன் தூள் எங்கிருந்து வருகிறது? விசைப்படகில் இறாலோடு சேர்ந்து வருகிற பொடிமீன், கடலோரத்தில் சங்காயம் என்பார்கள். மணலில் காயப்போட்டு மூட்டை கட்டி நாமக்கல்லுக்கு வரும். எங்கள் சித்தப்பா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தபோது லாரி வருகிற அன்றைக்கு வீட்டுக்குள் சோறு இறங்காது. அந்தச் சங்காயத்தில் நிறைய, வளர விட்டால் நல்ல மீனாகியிருக்கும் குஞ்சு. கூண்டில் கடல் விராலுக்குப் பொடிமீனையே வெட்டிப்போட்டு வளர்த்தால் ஒரு கிலோ மீனுக்கு ஐந்தாறு கிலோ பொடிமீன் போகும். கடலிலிருந்து ஐந்து எடுத்து ஒன்று திருப்பித் தருகிற தொழிலுக்கு மானியமும் கொடுத்து, கடலைக் காப்பாற்றுகிறோம் என்று பெயரும் வைத்தால் மீனவர்கள் சிரிக்க மாட்டார்களா?

நல்ல மிதவைத் தீவனம் என்றால் ஒன்றரை, இரண்டு கிலோவில் முடியும். அதிலும் மீன் தூளைக் குறைத்து சோயா, கடலைப் பிண்ணாக்கு, பூச்சிப் புழு என்று மாற்றிப் பார்க்கும் ஆராய்ச்சிதான் இன்றைக்கு முக்கியம். நாமக்கல், ஈரோட்டில் தீவன மில் நடத்துகிறவர்களுக்கு சோயாவை எப்படி வேக வைப்பது, எந்த அமினோ அமிலம் குறைகிறது என்பதெல்லாம் கோழியில் பழகிய விசயம். கடல் மீன் வளர்ப்பில் கொங்கு நாட்டுக்கு ஒரு இடம் உண்டு என்றால் அது மில்லில் இருக்கிறது.

மார்ச் 13

நேற்று எழுதியதை ஒரு மில்காரர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "சொல்றது சுலபம்ங்க. சோயா ஒரு அளவுக்கு மேல போனா மாமிச மீனுக்குக் குடல் புண்ணாகும், தீவனத்தை எடுக்காது. அதுவுமில்லாம கோழித் தீவனம் மாசம் ஆயிரக்கணக்கான டன், கொடுவாத் தீவனம் யாரு வாங்கறது?"

யோசித்தால் இரண்டாவது பேச்சுதான் கனமானது. வாங்க ஆள் இல்லாததால் மில்லில் செய்ய மாட்டார்கள், மில்லில் செய்யாததால் தீவனம் விலை, தீவனம் விலை என்பதால் வளர்க்க ஆள் இல்லை. இதை உடைக்க முதலில் கொஞ்ச காலம் யாராவது நட்டப்பட்டாக வேண்டும். அது காங்கேயத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவராக இருக்கக் கூடாது என்பது மட்டும் என் கட்சி.

மார்ச் 16

கரூர் அண்ணன் ஒருவர், கொசுவலைக்கு நூல் இழுக்கிறவர், கூண்டு வலை செய்யலாமா என்று கேட்கிறார். நாற்றங்காலில் குஞ்சு விடுகிற ஹாப்பா என்கிற மெல்லிய வலைப்பெட்டிக்குச் செய்யலாம், கடல் கூண்டுக்கு முடியாது. கடலில் போட்ட வலையைக் கொஞ்ச நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். பாசியும் சிப்பியும் கொட்டலசு என்கிற கூரான ஓட்டு உயிரும் அப்பி, கண்ணெல்லாம் அடைத்து, நாலு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. கொட்டலசு உள்ளங்கையைக் கிழித்துவிடும். கண் அடைத்தால் நீரோட்டம் உள்ளே வராது, மீனுக்கு மூச்சு முட்டும். வலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உள் வலை, வெளி வலை, பறவை வலை என்று ஒரு கூண்டுக்கே மூன்று. அதைத் தாங்குகிற பின்னல் வேறு.

இன்னொருவர் "திருப்பூர் முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து பாக் நீரிணையில் நூறு கூண்டு போட்டால் என்ன" என்று எழுதியிருக்கிறார். கடலுக்குப் பட்டா கிடையாதுங்க. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசு விசயம், ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக வலை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வலை விடுகிற இடத்தில் நாம் போய்க் கூண்டு கட்டினால் முதல் மாதமே அறுத்துவிடுவார்கள், அதில் எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மண்டபம் ஆட்கள் செய்தது வேறு மாதிரி. மீனவர் குழுவை வைத்து, அவர்கள் கடலிலேயே கூண்டு போட்டு, விஞ்ஞானியும் அதே படகில் ஏறிப் போய்த் தீனி போட்டுக் காட்டினார். மீன் விற்ற காசு குழுவுக்கு. இராத்திரிக் காவலுக்கும் அவர்களே முறை வைத்துப் போனார்கள். அப்படிப்பட்ட கூண்டை யாரும் அறுப்பதில்லை.

கூண்டைச் சுற்றிக் கடல்பாசித் தெப்பம் கட்டுவதும் அங்கே நடக்கிறது. மீன் கழிவில் இருக்கிற சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும், பாசியும் கூடுதலாக வரும், அதில் பெரும்பாலும் பெண்கள். கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசி வெளிநாட்டு வரவு, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேலேயே படர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். அதனால் "பாசி சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றும் சொல்ல மாட்டேன். எந்தக் கடலில், எந்தப் பாசி என்று பார்க்க வேண்டும்.

புயலையும் கணக்கில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் தென்னையையே வேரோடு சாய்த்தது.

மார்ச் 21

மூன்று நாள் பயிற்சிக்கு வருவோம், அதற்குத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

தனியார் பயிற்சி சிலவற்றில் மிஷின் விளக்கச் சொல்லிக் கூப்பிட்டுப் போயிருக்கிறேன். ஓட்டல் ஹால், ஏசி, முதல் நாள் கடலின் எதிர்காலம், இரண்டாம் நாள் மானியம், மூன்றாம் நாள் பண்ணைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்த் தொட்டியைச் சுற்றிக் காட்டி போட்டோ. மானியப் பகுதியில்தான் எல்லாரும் பேனாவை எடுப்பார்கள். 2020இல் வந்த மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். உடனே பாதிப் பேர் வீட்டம்மா பேரில் பண்ணை என்று முடிவு செய்துவிடுவார்கள், வீட்டம்மாவைப் பயிற்சிக்கு அழைத்து வந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். கடைசியில் தீனி போடுவதும் தொட்டி கழுவுவதும் அவர்தான்.

அரசு நிறுவனங்களின் பயிற்சி இதைவிட எவ்வளவோ மேல், கற்றுத் தருகிறவர் கையில் மீன் பட்டிருக்கும். ஆனால் அதுவும் சில நாள்தான். மீன் சில நாளில் வளர்வதில்லையே. கொடுவாவை எடுத்துக்கொண்டால் பொரிப்பகத்திலிருந்து பொட்டலத்தில் வந்து இறங்குகிற குஞ்சு, விரல் நீளம் ஆகிற வரைக்கும், ஒரு முழு பேட்ச், ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு பண்ணையில் கூலி ஆளாக நின்றால்தான் அது பயிற்சி. குஞ்சு தீனிக்கு எப்போது மேலே வருகிறது, எப்போது வராமல் ஒதுங்குகிறது, விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, ஒரு மூலையில் கூட்டமாக நின்றால் சீக்கா காற்றுக் குறைவா, இதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வரும். நம் பவர்லூம் பட்டறையில் பையனைச் சேர்த்தால் மூன்றாம் நாள் தறியைக் கையில் கொடுத்துவிடுவோமா?

முதல் அடிக்குக் கடலோரம் போகக்கூட வேண்டாம். பவானிசாகரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, நல்ல தண்ணீர் மீனில் ஆரம்பியுங்கள். ஜிலேபியைச் சாகவிடாமல் ஒரு வருசம் ஓட்டத் தெரிந்தவர் கொடுவாவுக்கு வரலாம். மண்டபமும் நாகப்பட்டினமும் அதற்கு அப்புறம்.

மார்ச் 22

ஒருவர்: "நீங்க ப்ளோயர் விக்கிற ஆள், மீன் பண்ணை வேண்டாம்னு சொன்னா உங்க யாவாரம்?" செத்த பண்ணையிலிருந்து மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வருகிற போன்தான் என் யாவாரத்துக்கு நட்டம். ஓடுகிற பண்ணை வருசா வருசம் சர்வீசுக்குக் கூப்பிடும்.

மார்ச் 29

காங்கேயம் தம்பி கம்பெனிக்காரர்களிடம் நாலு கேள்வி கேட்டிருக்கிறார். குஞ்சு எந்தப் பொரிப்பகம், பில் உண்டா. வெளியே போகிற உப்புத் தண்ணீர் எங்கே. மீனை எடுக்காவிட்டால் ஒப்பந்தத்தில் என்ன எழுத்து. இதே ஊர்ப்பக்கம் ஒரு வருசம் முழுசாக ஓட்டிய பண்ணை ஒன்றைக் காட்ட முடியுமா. முதல் கேள்விக்கு "பாண்டிச்சேரி பக்கம்" என்றார்களாம். இரண்டாவதற்கு "ஆவியாகிவிடும்" என்றார்களாம்! தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும் தம்பி என்று கேட்கிறார்கள் அவர் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் சாயத்தண்ணீர் பார்த்தவர்கள், ஏமாற்றுவது கஷ்டம்.

மூன்று, நான்குக்கு இன்னும் பதில் வரவில்லை. முன்பணத்துக்கு மட்டும் போன் வருகிறதாம்.

அவர் இப்போதைக்கு ஒரு சின்னக் குட்டையில் ஷீட் விரித்து ஜிலேபி, அடுத்த வெயில் காலத்தில் கொஞ்சம் கொடுவா விரலி என்று யோசிக்கிறார். வெயில் காலம் நல்ல யோசனை. மார்கழி தையில் நம் பக்கம் இராத்திரித் தண்ணீர் குளிர்ந்துவிடும், கொடுவா தீனியைக் குறைத்துக்கொள்ளும், சூட்டில்தான் அது வளரும்.

ஏப்ரல் 4

ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குட்டைக்கு ஒரு எச்பி ப்ளோயரும் அதே அளவுத் தண்ணீர் மோட்டாரும்தான் என்றால் ஐந்து கேவிஏ போதும், மோட்டார் கிளம்புகிற நேரத்து இழுவையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ப்ளோயர் முதலில், மோட்டார் பிறகு. கரண்டு போனால் அலறுகிற மாதிரி ஒரு சைரன் கட்டாயம் வையுங்கள், அது சில நூறு ரூபாய்தான். சைரன் நீங்கள் படுக்கிற அறையில் இருக்கட்டும், மோட்டார் ரூமில் வேண்டாம். டீசலை வண்டிக்கு ஊற்றிவிட்டு மறந்துபோகிற வீடு என்றால் கேனுக்கு ஒரு பூட்டும் வாங்குங்கள்.